டெசராக்ட் 5: மேக் அடிப்பதற்கு முன்னால் பார்த்தவை

பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக மாற்றும் வேலைக்கு டெசராக்ட்தான் என் கருவி. என் கணினியில் இருப்பது உபுண்டு 22.04. அதில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாகக் கிடைப்பது டெசராக்ட்டின் 4.1.1 பதிப்பு. புதிய எழுத்தில் அச்சான புத்தகங்களுக்கு அது போதும். ஆனால் 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். அந்த இடங்களில்தான் அது தடுமாறுகிறது. துதிக்கை வைத்த லையைப் பார்த்ததும் வேறு எதையோ எழுதிவைக்கிறது.

இதற்கு வழி, இருக்கிற தமிழ் மாடலுக்குப் பழைய எழுத்து வடிவங்களைக் கூடுதலாகக் கற்றுக்கொடுப்பது. அதற்கு டெசராக்ட்டின் பயிற்சிக் கருவிகள் வேண்டும். 2021 நவம்பரில் வெளியான 5.0-லிருந்து எழுத்தை அடையாளம் காணும் எல்எஸ்டிஎம் என்ற நரம்பு வலையின் கணக்குகள் டபுள் எண்களுக்குப் பதில் அவற்றைவிடச் சிறிய ஃப்ளோட் எண்களில் நடக்கின்றன. பயிற்சிக்கும் வாசிப்புக்கும் இரண்டுக்கும் அது வேகம் தரும். ஆகவே 5-ஐ மூல நிரலிலிருந்தே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒன்று என் கணினி. இன்னொன்று ஒரு கல்வி நிறுவனத்தில் எனக்குக் கணக்கு இருக்கும் பழைய சர்வர். அதில் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது, எனக்கு ரூட் அனுமதி (நிர்வாகி உரிமை) கிடையாது.

டெசராக்ட்டின் வழிமுறைப் பக்கத்தில் இருப்பது நான்கைந்து வரிதான்: ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால், எல்டிகான்ஃபிக். ஆட்டோஜென் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை உருவாக்கும், கான்ஃபிகர் வேண்டியவை கணினியில் இருக்கின்றனவா என்று சோதிக்கும், மேக் கட்டும், மற்ற இரண்டும் நிறுவும் வேலை. எல்லாம் இருக்கும் கணினியில் அது அப்படியே ஓடிவிடும். நான் இங்கே எழுதப்போவது அந்த ஐந்து வரிக்கு முன்னால் செய்த வேலைகளைப் பற்றி. என்னைக் கேட்டால் கட்டும் வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் கம்பைலர், அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி. டெசராக்ட் 5-க்கு சி++17 தெரிந்த கம்பைலர் வேண்டும். ஜி++ என்பது ஜிசிசி தொகுப்பின் சி++ கம்பைலர். ‘ஜி++ --வெர்ஷன்’ என்று கேட்டால் என் கணினியில் 11.4.0 என்று வந்தது. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது பாதி பதில்தான். பதிப்பு எண்ணை வைத்து அந்தக் கம்பைலருக்கு என்ன தெரியும் என்று நாம் ஊகிக்கிறோம், அதையே நேராகக் கேட்டுவிடலாம். ஜி++-க்கு ஒரு வெற்றுக் கோப்பைக் கொடுத்து, ‘-டிஎம் -இ -எக்ஸ் சி++ /டெவ்/நல்’ என்று ஓட்டினால், அது முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கும் மேக்ரோக்கள் (வேறு உரையாக விரியும் பெயர்கள்) எல்லாவற்றையும் கொட்டும். அதில் இரண்டு அடிக்கோட்டோடு தொடங்கும் ‘__சிபிளஸ்பிளஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். 201703 என்றால் சி++17. 201402 என்றால் சி++14. 201103 என்றால் சி++11. 199711 வந்தால் அந்தக் கம்பைலர் இன்னும் 1998-ல் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு 201703 வந்தது. ஜிசிசி 11-லிருந்து எதுவும் சொல்லாவிட்டாலே சி++17-தான் இயல்பு. ஜிசிசி 6 முதல் 10 வரை இயல்பு சி++14, ஆனால் ‘-எஸ்டிடி=சி++17’ என்று கேட்டால் புதியவை தரும். ஆகவே அந்தக் கொடியைக் கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு முறை பார்ப்பது நல்லது. இன்னொன்று, மொழியைப் புரிந்துகொள்வது வேறு, அதன் லைப்ரரி கையில் இருப்பது வேறு. ஜிசிசி 8-ல் ஃபைல்சிஸ்டம் பகுதி இருக்கிறது, ஆனால் ‘-எல்எஸ்டிடிசி++எஃப்எஸ்’ என்று தனியாக இணைக்கச் சொன்னால்தான் லிங்க் ஆகும். 9-லிருந்துதான் அது முதன்மை லைப்ரரியோடு சேர்ந்தது. கம்பைல் ஆகி லிங்க்கில் நிற்கும் பழைய புலம்பல்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

அடுத்து கருவிகள். மேக், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், ஆட்டோகான்ஃப்-ஆர்கைவ். ‘கமாண்ட் -வி’ போட்டு ஒவ்வொன்றாகத் தேடினால் போதுமே என்று தோன்றும். இரண்டு இடத்தில் அந்த முறை பொய் சொல்லும்.

ஒன்று லிப்டூல். உபுண்டுவில் லிப்டூல் பேக்கேஜை நிறுவிய பிறகும் ‘கமாண்ட் -வி லிப்டூல்’ எதையும் காட்டாது. அந்தப் பெயரிலான கட்டளை லிப்டூல்-பின் என்ற வேறு பேக்கேஜில் இருக்கிறது. ஆட்டோஜென்னுக்கு உண்மையில் வேண்டியது லிப்டூலைஸ். அது லிப்டூல் பேக்கேஜிலேயே வந்துவிடும். தேட வேண்டிய பெயர் அதுதான்.

இன்னொன்று ஆட்டோகான்ஃப்-ஆர்கைவ். இதில் கட்டளை என்று எதுவுமே கிடையாது. எம்4 மேக்ரோ கோப்புகள் மட்டும்தான். இருக்கிறதா என்று பார்க்க /யுஎஸ்ஆர்/ஷேர்/ஏசிலோக்கல் அடைவில் ‘ஏஎக்ஸ்_செக்_கம்பைல்_ஃப்ளாக்.எம்4’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெசராக்ட் கட்டுபவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆட்டோஜென் புகார் எதுவும் சொல்லாமல் முடிந்துவிடும். கான்ஃபிகர் கொஞ்ச தூரம் ஓடி, ஏதோ ஒரு ஆயிரத்துச் சொச்சமாவது வரியில், ‘-எம்ஏவிஎக்ஸ்’ என்ற சொல்லுக்கு அருகே தொடரியல் பிழை என்று நின்றுவிடும். அதைப் படிப்பவர், ஏவிஎக்ஸ் என்றால் பிராசசர் சமாச்சாரம் ஆயிற்றே, நம் பிராசசர் பழசு போல என்று நினைத்துக்கொள்வார். பிராசசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த எம்4 கோப்பு இல்லாததால் மேக்ரோ விரியவில்லை. விரியாத மேக்ரோவின் பெயர் அப்படியே கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்குள் விழுந்துவிட்டது. ஷெல்லுக்கு அது புரியாத சொல், கத்துகிறது. பிகேஜி-கான்ஃபிக் இல்லாவிட்டாலும் இதே கதைதான். அப்போது பிழை ‘லெப்டோனிகா’ என்ற சொல்லுக்கு அருகே வரும், படிப்பவர் லெப்டோனிகாவைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டிலேயே தொடரியல் பிழை வந்தால், அதைத் திருத்தப் போகாமல், எந்த மேக்ரோ விரியாமல் நிற்கிறது என்று அந்த வரியைத் திறந்து பாருங்கள். பெயர் ‘ஏஎக்ஸ்_’ என்று தொடங்கினால் ஆட்டோகான்ஃப்-ஆர்கைவ். ‘பிகேஜி_’ என்று தொடங்கினால் பிகேஜி-கான்ஃபிக்.

சரி, லைப்ரரிகளுக்கு வருவோம். டெசராக்ட் தானாக எந்தப் படத்தையும் திறப்பதில்லை. டேன் புளூம்பெர்க் எழுதிய லெப்டோனிகா என்ற சி லைப்ரரிதான் அதற்காகப் படத்தைப் படித்துக்கொடுக்கிறது. லெப்டோனிகா 1.74-க்குக் குறையக் கூடாது. இது கட்டாயம். பயிற்சிக் கருவிகளுக்கு ஐசியு (யூனிகோட் உரையைக் கையாள்வது), பாங்கோ (எழுத்துகளை அடுக்குவது), கெய்ரோ (படமாக வரைவது) மூன்றும் வேண்டும். டெசராக்ட்டின் பார்வையில் இவை விருப்பத்துக்கு உரியவை. எனக்கு இவை இல்லாமல் இந்த வேலையே இல்லை.

இந்த வேறுபாட்டில்தான் நான் அதிகக் கவனம் வைத்தேன். கட்டாய லைப்ரரி இல்லாவிட்டால் கான்ஃபிகர் நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். விருப்ப லைப்ரரி இல்லாவிட்டால் அது ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பாங்கோ கிடைக்காவிட்டால், பயிற்சிக் கருவிகள் கட்டப்படமாட்டா என்று பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும்தான். ஆனால் அதற்குப் பிறகு திரையில் நூறு வரிகள் ஓடி, கடைசியில் கான்ஃபிகர் முடிந்தது, மேக் ஓட்டலாம் என்ற நல்ல செய்தியோடு நிற்கும். மேக்கும் பிழையில்லாமல் முடியும். டெசராக்ட் ஓடும். டெக்ஸ்ட்2இமேஜ் உள்ளிட்ட பயிற்சிக் கருவிகள் மட்டும் இருக்காது.

பாங்கோ எதற்கு என்று கேட்கலாம். டெக்ஸ்ட்2இமேஜ் என்ற கருவி, நாம் கொடுக்கும் தமிழ் உரையை ஓர் எழுத்துருவில் படமாக வரைந்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்ற விவரத்தோடு தரும். அந்தப் படங்களை வைத்துத்தான் மாடலுக்குக் கற்றுத்தருகிறோம். ‘கொ’ என்று நாம் சேமிப்பது ககரமும் ஓர் உயிர்க்குறியும். திரையில் அது ககரத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த அடுக்கலைப் பாங்கோ, உள்ளே ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியைக் கொண்டு செய்கிறது. பழைய லைக்கும் புதிய லைக்கும் யூனிகோடில் ஒரே எண்கள்தான். வடிவத்தைத் தீர்மானிப்பது எழுத்துரு. ஆகவே பழைய வடிவம் உள்ள எழுத்துருவைப் பாங்கோவிடம் கொடுத்தால், இன்றைய உரையை வைத்தே பழைய அச்சுப் பக்கம் போன்ற பயிற்சிப் படங்களை வேண்டிய மட்டும் செய்துகொள்ளலாம்.

இருக்கிறதா என்று கேட்க நான் பயன்படுத்தியது பிகேஜி-கான்ஃபிக். ‘--மோட்வெர்ஷன்’ கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இதில் பெயர்கள் கொஞ்சம் சிக்கல். பேக்கேஜின் பெயர் ஒன்று, பிகேஜி-கான்ஃபிக்குக்குத் தெரிந்த பெயர் இன்னொன்று. லெப்டோனிகாவை அது ‘லெப்ட்’ என்று அழைக்கும். ஐசியுவை ‘ஐசியு-யுசி’, ‘ஐசியு-ஐ18என்’ என்று இரண்டாக. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூலத்தில் உள்ள கான்ஃபிகர்.ஏசி கோப்பில் ‘பிகேஜி_செக்_மாட்யூல்ஸ்’ என்ற சொல்லைத் தேடினால், எந்தப் பெயரில், எந்தப் பதிப்புக்குக் குறையாமல் கேட்கிறது என்பதெல்லாம் வரிசையாக வரும். எந்த மென்பொருளாக இருந்தாலும் நான் முதலில் திறப்பது இந்தக் கோப்பைத்தான். நிறுவும் குறிப்புகள் பழசாகிப் போகும், கான்ஃபிகர்.ஏசி பழசாகாது. சோதனை அங்கேதானே நடக்கிறது.

கேட்டபோது வந்த பதில்கள் எனக்கே வினோதமாக இருந்தன. லெப்ட் இல்லை என்றது. ஐசியு 73 என்றது. உபுண்டு 22.04-ல் ஐசியு 70.1-தான் இருக்க வேண்டும். நிறுவிய பேக்கேஜ்களின் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜியைக் கேட்டால் லிப்லெப்டோனிகா-டெவ் நிறுவப்பட்டிருக்கிறது, 1.82.0 என்கிறது. ஒரே கணினி, இரண்டு வாக்குமூலம்.

‘விச் -ஏ பிகேஜி-கான்ஃபிக்’ போட்டுப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது. வேறொரு வேலைக்காக நிறுவிய மினிகோண்டா என்ற பைதான் தொகுப்பு, டெர்மினலைத் திறந்தவுடன், கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலான பாத்தில் தன் அடைவை முன்னால் நிறுத்திக்கொள்கிறது. அதற்குள் அதற்கென்று ஒரு பிகேஜி-கான்ஃபிக் இருக்கிறது. அது கோண்டாவின் அடைவுக்குள் மட்டுமே தேடும். உபுண்டுவின் லெப்டோனிகா அதன் கண்ணுக்குப் படாது, கோண்டாவின் ஐசியு மட்டும் படும். ஒரு பிகேஜி-கான்ஃபிக் எங்கெங்கே தேடுகிறது என்று அதனிடமே கேட்கலாம்: ‘--வேரியபிள் பிசி_பாத் பிகேஜி-கான்ஃபிக்’ என்று கொடுத்தால் அடைவுகளைச் சொல்லிவிடும்.

இதைக் கவனிக்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஐசியு தன் ஃபங்ஷன் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் பதிப்பு எண்ணை ஒட்டிக்கொள்ளும். 73-ன் ஹெடரை (ஃபங்ஷன்களின் பெயர்களை அறிவிக்கும் கோப்பை) வைத்துக் கம்பைல் ஆன கோடு, ‘_73’ என்று முடியும் பெயர்களைத் தேடும். லிங்க் செய்யும்போது 70-ன் லைப்ரரி கையில் அகப்பட்டால், அதில் இருப்பவை எல்லாம் ‘_70’. வரையறுக்கப்படாத பெயர் என்று பிழைகள் பக்கம் பக்கமாக வரும். அந்த வால் எண்ணைப் பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாமே ஒரே பிழை. தெரியாதவருக்கு நூறு பிழை.

கோண்டாவை டீஆக்டிவேட் செய்தால் போதும். நான் இன்னும் ஒரு படி போய், கட்டும் வேலைக்கென்று சுத்தமான ஷெல் ஒன்றைத் திறந்தேன். ‘என்வ் -ஐ’ கொடுத்து, ஹோம் மட்டும் வைத்து, பாத்தில் /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டை மட்டும் கொடுத்து, பாஷை ‘--நோஆர்சி’யோடு ஓட்டினால், நம் பழைய அமைப்புகள் எதுவும் உள்ளே வராது. இப்போது கேட்டால் லெப்ட் 1.82.0. ஐசியு 70.1. கெய்ரோ 1.16.0. பாங்கோ மட்டும் இல்லை.

பாங்கோ உண்மையிலேயே இல்லையா என்றால், இருக்கிறது. டெஸ்க்டாப் முழுக்க எழுத்துகளை வரைவதே அதுதான். இல்லாதது அதன் டெவ் பேக்கேஜ். உபுண்டு, டெபியன் குடும்பத்தில் ஒரு லைப்ரரி இரண்டு துண்டாக வரும். ஓடுவதற்கான துண்டில் ‘.எஸ்ஓ’வுக்குப் பின்னால் ஓர் எண்ணோடு முடியும் கோப்பு இருக்கும். கட்டுவதற்கான டெவ் துண்டில் ஹெடர்கள், ‘.பிசி’ கோப்பு, அப்புறம் எண் இல்லாமல் வெறும் ‘.எஸ்ஓ’ என்று முடியும், எண்ணுள்ள கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் ஒன்று. லிங்க்கர் தேடுவது இந்த எண்ணில்லாத பெயரை. நிரல் ஓடும்போது லோடர் தேடுவது எண்ணுள்ள பெயரை. கோப்பு கண்ணெதிரே இருக்க, கிடைக்கவில்லை என்று லிங்க்கர் சொல்வது இதனால்தான். லிப்பாங்கோ1.0-டெவ் நிறுவியதும் 1.50.6 என்று பதில் வந்தது.

எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் என்று தெரியாவிட்டால் ஆப்ட்-ஃபைல் நல்ல துணை. ஹெடரின் பெயரைக் கொடுத்தால் பேக்கேஜின் பெயரைத் தரும். சென்ட்ஓஎஸ், ஃபெடோரா பக்கம் ‘யம் ப்ரொவைட்ஸ்’. ‘ஆப்ட் பில்ட்-டெப் டெசராக்ட்’ என்று ஒரே அடியில் எல்லாவற்றையும் இழுத்துப்போடும் வழியும் உண்டு. அவசரத்துக்கு அது சரி. ஆனால் அது 4.1.1-க்கு வேண்டியதைக் கொண்டுவரும். என்ன வந்தது, எதற்கு வந்தது என்று நமக்கும் தெரியாது. அடுத்த கணினியில் ரூட் இல்லாமல் கட்டப்போகிற எனக்கு அந்தப் பட்டியலே முக்கியம்.

பிகேஜி-கான்ஃபிக் சொல்வதையும் நான் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. அது ஒரு ‘.பிசி’ கோப்பைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. ஆகவே ஒரு சின்ன சி நிரல். லெப்டோனிகாவின் ‘ஆல்ஹெடர்ஸ்.ஹெச்’சை இன்க்லூட் செய்து, மெயினுக்குள் ‘கெட்லெப்டோனிகாவெர்ஷன்’, ‘கெட்இமேஜ்லிப்வெர்ஷன்ஸ்’ இரண்டையும் கூப்பிட்டு, வருவதை அச்சிட வேண்டியது. ஐந்தாறு வரிதான் வரும். அதை மூன்று கட்டமாக ஓட்டுவேன். ‘-சி’ கொடுத்துக் கம்பைல் மட்டும் செய்தால் ஹெடர் இருக்கிறதா என்று தெரியும். லிங்க் செய்தால் எண்ணில்லாத ‘.எஸ்ஓ’ கிடைக்கிறதா என்று தெரியும். ஓட்டினால் லோடருக்கு எண்ணுள்ளது கிடைக்கிறதா என்று தெரியும். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதுவே நோயின் பெயர்.

இந்த நிரலின் இரண்டாவது வரி தரும் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. லிப்ஜிஃப், லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப், இசட்லிப், லிப்வெப்பி, ஓபன்ஜேபெக் என்று, லெப்டோனிகா எதையெல்லாம் தன்னோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்பதைப் பதிப்பு எண்களோடு ஒரே வரியில் சொல்லிவிடும். இதன் அருமை எனக்கு அடுத்த கணினியில் நன்றாகவே தெரிந்தது. என் கணினியில் இதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. ஆட்டோஜென், கான்ஃபிகர், கடைசி வரிகளில் பயிற்சிக் கருவிகளைக் கட்ட ‘மேக் ட்ரெய்னிங்’ ஓட்டலாம் என்ற குறிப்பு. அந்தக் குறிப்பைக் கண்ட பிறகுதான் மேக் அடித்தேன்.

இனி சர்வர். சென்ட்ஓஎஸ் 7 வெளிவந்தது 2014-ல். 2024 ஜூன் 30-ஓடு அதன் பராமரிப்பு முடிந்தது. அதன் ஜி++ 4.8.5. ‘-எஸ்டிடி=சி++17’ என்றால், அப்படி ஒரு கொடியே தெரியாது என்கிறது. என் கணினியில் கட்டியதை அப்படியே நகலெடுத்துப் போடலாமே என்றால், அதுவும் முடியாது. பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி ஜிலிப்சி. உபுண்டு 22.04-ல் அது 2.35. சர்வரில் இருப்பது 2.17. புதியதில் கட்டிய நிரல் பழையதில் தொடங்கும்போதே, ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், மறுதலையாக ஓடாது.

கம்பைலரையே மூலத்திலிருந்து கட்டுவதற்கு முன்னால், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டேன். “புது ஜிசிசி இருக்கு சார், யாரோ கேட்டாங்கன்னு முன்னாடியே போட்டது. /ஆப்ட்/ஆர்ஹெச் உள்ளே பாருங்க” என்று பதில் எழுதினார். பார்த்தால் டெவ்டூல்செட்-9. அதில் ஜிசிசி 9.3.1. பாத்தில் இல்லாததால் ‘விச்’ போன்ற எந்தத் தேடலிலும் அது தட்டுப்படாது. ‘எஸ்சிஎல் இனேபிள் டெவ்டூல்செட்-9 பாஷ்’ என்று ஒரு ஷெல் திறந்தால் அதற்குள் ஜி++ என்பது 9.3.1 ஆகிவிடும். வேறு சில நிறுவனங்களில் ‘மாட்யூல் அவைல்’ என்று கேட்டால் இதுபோலப் பட்டியல் வரும். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் கம்பைலர் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. பார்த்துக்கொள்பவரைக் கேட்பது இன்னும் நல்லது.

டெவ்டூல்செட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. புதிய சி++ லைப்ரரியில் பழையதைவிடக் கூடுதலாக உள்ள பகுதிகளை மட்டும் நம் நிரலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடும். மற்றதற்கு சர்வரின் பழைய லிப்எஸ்டிடிசி++ போதும். ஆகவே கட்டி முடித்த டெசராக்ட்டை ஓட்ட டெவ்டூல்செட்டைத் திறக்க வேண்டியதில்லை. இதை உறுதிசெய்ய, /யுஎஸ்ஆர்/லிப்64-ல் இருக்கும் லிப்எஸ்டிடிசி++-ஐ ‘ஸ்ட்ரிங்ஸ்’ போட்டு, அதன் பதிப்புக் குறியான ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்று தேடினேன். 3.4.19 வரை இருந்தது. நான் கட்டிய கோப்பு அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

லைப்ரரிகள் பக்கம் நிலைமை வேறு. கிடைத்த லெப்டோனிகா 1.72, போதாது. ஐசியு 50, ஆனால் டெசராக்ட் கேட்பது 52.1. ஐசியு, பாங்கோ, கெய்ரோ என்று ஒவ்வொன்றாக வீட்டு அடைவில் கட்டப் புகுந்தால் அவற்றுக்கு வேண்டியவை, அவற்றுக்கும் வேண்டியவை என்று சங்கிலி நீளும். அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பார்த்ததுமே, சர்வரில் பயிற்சி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பயிற்சி என் கணினியில். ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசிக்கும் வேலை சர்வரில். பயிற்சி பெற்ற மாடல் ஒரே ஒரு கோப்பு, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

ஆக சர்வரில் கட்ட வேண்டியது லெப்டோனிகா, அப்புறம் டெசராக்ட். லெப்டோனிகாவின் கான்ஃபிகரை வீட்டு அடைவை ப்ரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) கொடுத்து ஓட்டினேன். பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. வெளியீட்டை மேலிருந்து படித்தால், பிஎன்ஜி வரிக்கு நேரே ‘நோ’. கான்ஃபிக்.லாகைத் திறந்து அந்த இடத்துக்குப் போனால் காரணம் தெளிவாக இருந்தது: ‘பிஎன்ஜி.ஹெச்’ என்ற கோப்பு இல்லை. சர்வரில் லிப்பிஎன்ஜி ஓடுவதற்கு இருக்கிறது, சென்ட்ஓஎஸ் பக்கம் டெவெல் எனப்படும் டெவ் பேக்கேஜ் இல்லை.

லெப்டோனிகா இதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளாது. அதன் மூலத்தில் ‘பிஎன்ஜிஐஓ.சி’ என்று ஒரு கோப்பும் ‘பிஎன்ஜிஐஓஸ்டப்.சி’ என்று ஒரு கோப்பும் இருக்கின்றன. லிப்பிஎன்ஜி கிடைத்தால் முதல் கோப்பு வேலை செய்யும். கிடைக்காவிட்டால் இரண்டாவது. இரண்டாவதிலும் அதே பெயரில் எல்லா ஃபங்ஷன்களும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும், இந்த ஃபங்ஷன் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். ஜேபெக், டிஃப், வெப்பி எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் பூட்டிய கடை மாதிரி. லிங்க்கர் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடும். டெசராக்ட்டும் பிழையின்றிக் கட்டப்படும். என் ஸ்கேன் பக்கங்கள் எல்லாம் பிஎன்ஜி. முதல் பக்கத்தைக் கொடுக்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டிருக்கும், அதுவும் டெசராக்ட்டின் மேல் பழி விழுகிற மாதிரி.

லிப்பிஎன்ஜி 1.6-ஐ வீட்டு அடைவில் கட்டுவது எளிது. அதற்கு வேண்டியது இசட்லிப் மட்டும், அதன் ஹெடர் சர்வரில் இருந்தது. கட்டியபின் பிகேஜி_கான்ஃபிக்_பாத், சிபிபிஃப்ளாக்ஸ், எல்டிஃப்ளாக்ஸ் மூன்றிலும் வீட்டு அடைவைக் குறித்துவிட்டு, லெப்டோனிகாவின் பழைய அடைவை அழித்து, புதிதாக விரித்துக் கான்ஃபிகரை மறுபடி ஓட்டினேன். இப்போது பிஎன்ஜிக்கு ‘யெஸ்’. மேக் முடிந்ததும் என் சின்ன நிரலைக் கட்டி ஓட்டினால், லிப்பிஎன்ஜி 1.6 அந்த ஒற்றை வரியில் வந்து உட்கார்ந்தது.

டெசராக்ட்டை சர்வரில் கட்ட இன்னொரு தடை, அங்கே ஆட்டோகான்ஃப்-ஆர்கைவ் இல்லை. இதற்கு அதை நிறுவ வேண்டியதே இல்லை. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆட்டோகான்ஃப் இல்லாத கணினியிலும் ஓட வேண்டும் என்பதுதான் அந்த முழு அமைப்பின் நோக்கமே. என் கணினியில் ஆட்டோஜென், கான்ஃபிகர் முடித்து, ‘மேக் டிஸ்ட்’ ஓட்டினால் தயாரான கான்ஃபிகரோடு ஒரு டார் கோப்பு கிடைக்கும். அதைச் சர்வருக்கு அனுப்பிக் கட்டினேன்.

சென்ட்ஓஎஸ் சேர்ந்த ரெட்ஹாட் குடும்பத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். உபுண்டுவில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பை லோடர் இயல்பாகவே பார்க்கும். இந்தப் பக்கம் பார்க்காது, வீட்டு அடைவை எங்கேயும் பார்க்காது. லைப்ரரிகளைத் தேடும் இடங்களைக் கூட்டும் எல்டி_லைப்ரரி_பாத்தை எப்போதும் வைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்காது, மற்ற நிரல்களின் லைப்ரரிகளையும் அது மாற்றிவிடும். லிங்க் செய்யும்போதே, லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் ஆர்பாத் கொடுத்துவிட்டேன். எந்த லைப்ரரி எங்கிருந்து கிடைக்கிறது என்று காட்டும் ‘எல்டிடி’ போட்டுப் பார்த்தபோது லிப்டெசராக்ட், லெப்டோனிகா, லிப்பிஎன்ஜி மூன்றும் வீட்டு அடைவைக் காட்டின. ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரியும் இல்லை. இந்தச் சோதனையை நாம் உள்நுழையும் கணினியில் மட்டும் செய்தால் போதாது. வேலை ஓடப்போகும் கணினி வேறாக இருக்கலாம், அங்கே பேக்கேஜ்கள் குறைவாக இருக்கலாம். எல்டிடியையே ஒரு சிறு வேலையாக வரிசையில் போட்டு அங்கேயும் ஓட்டினேன்.

கடைசியாக ‘டெசராக்ட் --வெர்ஷன்’. இதன் முதல் வரியோடு நிறுத்தாமல் முழுதாகப் படியுங்கள். லெப்டோனிகாவின் பட வகைகள், ஏவிஎக்ஸ்2, ஓபன்எம்பி என்று எல்லாம் வரும். ஒரே வேலையைப் பல த்ரெட்டுகளாகப் பிரித்து ஓட்டும் ஓபன்எம்பி 201511 என்று இருந்தது. பல பக்கங்களை ஒரே நேரத்தில் தனித்தனி டெசராக்ட்டாக ஓட்டப்போகிறேன் என்பதால், ஓஎம்பி_த்ரெட்_லிமிட்டை 1 என்று வைத்தேன். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் பல த்ரெட்டுகளைத் திறந்து ஒன்றையொன்று நெருக்கும்.

பயிற்சியைத் தொடங்குமுன் என் கணினியில் இன்னும் இரண்டு இருப்புச் சோதனை. ஒன்று மாடல். உபுண்டுவின் தமிழ் மொழிப் பேக்கேஜில் வருவது ஃபாஸ்ட் வகை, முழு எண்களாகச் சுருக்கப்பட்டது. வாசிக்க நன்றாக இருக்கும், மேற்கொண்டு கற்றுக்கொடுக்க முடியாது. எல்எஸ்டிஎம்ட்ரெய்னிங் அதைக் கண்டதும் இது முழு எண் மாடல், தொடர முடியாது என்று நிறுத்திவிடும். பயிற்சிக்கு டெஸ்டேட்டா_பெஸ்ட் தொகுப்பிலிருந்து ‘டேம்.ட்ரெய்ன்ட்டேட்டா’வை எடுத்து, வேறு அடைவில் வைத்து, டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ் அந்த அடைவைக் காட்டுகிறதா என்று ‘--லிஸ்ட்-லாங்ஸ்’ போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்று எழுத்துரு. ‘எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ’ என்றால் தமிழ் உள்ள எழுத்துருக்கள் வரும். அதில் பெயர் இருப்பது போதாது. கேட்ட எழுத்துரு கிடைக்காவிட்டால், எழுத்துருக்களைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக் வேறொன்றைத் தந்துவிடும், பழைய லை இருக்க வேண்டிய இடத்தில் புதிய லையே வரையப்படும். ஆகவே டெக்ஸ்ட்2இமேஜுக்கு எழுத்துருவின் அடைவைத் தனியாகக் கொடுத்து, அந்த 13 எழுத்துகளை மட்டும் ஒரு வரியாக எழுதிப் படமாக்கி, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். துதிக்கையோடு லை வந்தது, ணாவின் சுழியும் சரியாக இருந்தது. றொ, றோ இரண்டும் அந்த எழுத்துருவில் புதிய வடிவிலேயே இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் ஸ்கேன் பக்கங்களிலிருந்தே வரிகளை வெட்டியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.